கைப்பட்டைக்குத் தெரியாத அழுத்தம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆண்டுப் பரிசோதனை நாள் என்றால், அன்றைக்கு ஆலையின் கேன்டீன்தான் மருத்துவமனை. சாப்பாட்டு மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு வரிசை நிற்கும். எடை, உயரம், கண், காது, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை, பிறகு கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம். சில ஆலைகளில் இ.சி.ஜி.யும் மார்பு எக்ஸ்ரேயும் உண்டு. கடைசியில் படிவத்தில் ‘ஃபிட்’ என்று முத்திரை விழும். உருக்கு உலை அருகே பத்தாண்டு வேலை பார்த்த ஒருவருக்கு அந்தப் பட்டை 120/80 என்று காட்டலாம். அவரே உலை மேடைக்கு ஏறும் இரும்புப் படியில் பாதியில் நின்று, கைப்பிடியைப் பற்றி மூச்சு வாங்கிவிட்டு மேலே போகிறவராகவும் இருக்கலாம். படியில் நின்ற அந்த அரை நிமிடத்தை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

உடம்பில் ரத்தம் ஓடும் சுற்றுகள் இரண்டு. இதயத்தின் இடப்பக்கம் உடல் முழுவதற்கும் ரத்தத்தை அனுப்புகிறது. வலப்பக்கம் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிறது. ஓய்வில் இருக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஓடும் அளவு ஒன்றானாலும் அழுத்தத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. உடல் தமனிகளில் சராசரி அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டி இருக்கும். நுரையீரல் தமனியில் அது 14-தான். இவ்வளவு குறைந்த அழுத்தத்துக்காகவே அமைந்தது என்பதால், வலது கீழறையின் சுவர் இடது கீழறைச் சுவரில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கிறது. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20-ஐத் தாண்டினால் அதை உயர் அழுத்தம் என்று இப்போது இதய மருத்துவர்கள் வரையறுக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த எல்லை 25 ஆக இருந்தது. நுரையீரல் தமனியின் அழுத்தம் 40-க்கே ஏறினாலும் கையில் கட்டும் பட்டைக்குத் தெரியாது. பட்டை அளப்பது முதல் சுற்றை மட்டும்.

திருவள்ளூர் மாவட்டம் தூசியும் புகையும் வெப்பமும் கலந்த வேலைகளால் வாழும் மாவட்டம். கும்மிடிப்பூண்டியில் உருக்காலைகள், கம்பி உருட்டும் ஆலைகள், வார்ப்படச் சாலைகள், பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகள். தெற்கே அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்கள். செங்குன்றத்தில் அரிசி ஆலைகள். ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் சுற்றுவட்டாரங்களில் செங்கல் சூளைகள். இந்த மாவட்டத்துத் தொழிலாளியின் இரண்டாவது சுற்றை அளந்து பார்க்க இன்னும் ஏற்பாடு இல்லை என்பது பெரிய குறை. அளக்க முடியாதது என்பதால் விட்டுப்போன குறை அல்ல இது. யாரும் கேட்காததால் விட்டுப்போனது.

தமனி நோய் என்றதும் நம் பேச்சில் முதலில் வருவது கொழுப்பு. “கொலஸ்ட்ரால் கூடிப்போச்சு, அடைச்சிக்கிச்சு” என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரே ரத்தம், ஒரே கொழுப்பு, உடம்பின் எல்லாத் தமனிகளிலும்தான் ஓடுகிறது. அடைப்போ சில இடங்களை மட்டும் தேடிப் பிடிக்கிறது: இதயத் தமனி இரண்டாகப் பிரியும் கவை, கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் புடைத்திருக்கும் பகுதி, அடிவயிற்றில் பெருந்தமனி கால்களுக்குக் கிளை விடும் இடம். 1969-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காலின் கேரோவும் அவருடைய தோழர்களும் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். ரத்தம் குழாயின் சுவரை உரசிக்கொண்டு விரைவாகப் போகும் இடத்தில் சுவர் நலமாக இருக்கிறது; உரசல் குறைந்து, ஓட்டம் சுழன்று தயங்கும் இடத்தில் கொழுப்பு படிகிறது என்பது அவர்கள் கண்டது. ஆரணி ஆறு வளையும் இடங்களில் நீர் மெதுவாகும் உள்பக்கக் கரையில் மணல் சேர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆற்றங்கரைக்கு இல்லாத ஒரு குணம் தமனிக்கு உண்டு. அதன் உள்சுவர் உயிருள்ளது. அதில் பரவியிருக்கும் ஒற்றை அடுக்குச் செல்கள் தங்கள் மேல் ஓடும் ரத்தத்தின் உரசலை உணர்கின்றன. ஓட்டம் விரைவாகவும் சீராகவும் இருந்தால் அவை நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரிக்கின்றன, வீக்கத்தைத் தணிக்கின்றன, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கின்றன. இந்த வாயுவின் பங்கைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓட்டம் கெட்டால் இதே செல்கள் எதிராக வேலை செய்கின்றன: ஒட்டும் தன்மை கொண்ட புரதங்களை வெளியே நீட்டி, வெள்ளணுக்களை உள்ளே இழுத்து, சுவரைத் தடிக்கச் செய்கின்றன. புகையிலையும் சர்க்கரையும் ஈயமும் நுண்தூசியும் இந்தச் செல்களைத்தான் முதலில் தாக்குகின்றன.

ஓட்டமும் அழுத்தமும் சேர்ந்தே ஒரு குழாயின் விதியைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு வடசென்னையிலேயே ஒரு சான்று உண்டு. திருவள்ளூரிலிருந்து சென்னைக்குப் போகும் ரயில் பாதையில் வரும் பெரம்பூரில், ரயில்வே மருத்துவமனையில் 1975-இல் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதயத் தமனி பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தார். 2025 ஜனவரியில் அவர் மறைந்தார். பைபாஸுக்கு உலகெங்கும் நெடுங்காலம் பயன்பட்டது காலிலிருந்து எடுத்த சிரை. ‘கால் நரம்பு’ என்று நம் மக்கள் சொல்வது அதைத்தான். காலில் இருந்தவரை அந்தச் சிரையில் கொழுப்பு படிந்ததில்லை. அங்கே அழுத்தம் மிகக் குறைவு. இதயத்தில் தைத்துத் தமனியின் அழுத்தத்துக்கு ஆளாக்கியதும் அதன் சுவர் தடிக்கத் தொடங்குகிறது. சில ஆண்டுகளில் அதிலும் அடைப்பு வருகிறது. மார்பின் உள்புறத்திலிருந்து எடுக்கும் தமனி அதே இடத்தில் பல ஆண்டுகள் கூடுதலாகத் தாங்குகிறது. அதனால்தான் இன்றைய அறுவை மருத்துவர்கள் முக்கியமான கிளைக்கு அந்தத் தமனியையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

நுரையீரல் தமனி இதே பாடத்தை மறுபக்கத்திலிருந்து சொல்கிறது. கொழுப்பு மிகுந்த ரத்தம் ஐம்பது ஆண்டுகள் ஓடினாலும் இயல்பான அழுத்தத்தில் இருக்கும் நுரையீரல் தமனியில் படிவு பெரும்பாலும் சேர்வதில்லை. அதே தமனியில் அழுத்தம் ஏறி நிலைத்துவிட்டால் அங்கும் மஞ்சள் திட்டுகள் தோன்றுகின்றன. ரத்தம் மாறவில்லை, மனிதர் மாறவில்லை. ஓடும் விதம் மாறிவிட்டது.

இதயச் சுவரில் ஓட்டையோடு பிறக்கும் குழந்தைகளிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பெரிய ஓட்டை என்றால், இடப்பக்கத்து ரத்தத்தில் ஒரு பகுதி வலப்பக்கம் கசிந்து மறுபடி நுரையீரலுக்கே போகிறது. நுரையீரல் தமனிகள் வழக்கத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ரத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளில் அவற்றின் சுவர் தடித்து, உள்வழி குறுகி, கடைசியில் அழுத்தம் இடப்பக்கத்தையே மிஞ்சிவிடும். அப்போது ரத்தம் திசைமாறிப் பாய்ந்து உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1897-இல் இதை விவரித்த விக்டர் ஐசன்மெங்கரின் பெயரால் இந்நிலை அழைக்கப்படுகிறது. அந்தக் கட்டம் வந்தபின் ஓட்டையை அடைப்பதே ஆபத்து. பள்ளிப் பரிசோதனையில் காதில் விழும் ஒரு முணுமுணுப்பு ஓசையை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் பெற்றோருக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும்.

குழாயின் விட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையே ஒரு கடுமையான கணக்கு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரெஞ்சு மருத்துவர் புவாசெய் கண்டது: குழாயின் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை, 16 மடங்காகிறது. நுரையீரலின் நுண்தமனிகள் மயிரிழையளவு சுருங்கினாலும் வலது கீழறைக்குச் சுமை தாறுமாறாக ஏறுவதற்கு இதுவே காரணம்.

இதயத் தமனி அடைப்பைப் பற்றிப் பேசும்போதும் நாம் ஓட்டத்தை மறந்துவிடுகிறோம். “மூணு அடைப்பு, ஒண்ணு 70 பர்சன்ட்” என்று உறவினர்களிடம் சொல்வதோடு முடிவு எடுத்தாயிற்று என்று நினைக்கிறோம். ஆஞ்சியோ படத்தில் தெரியும் குறுகல் வேறு. அந்தக் குறுகலைத் தாண்டி ரத்தம் எவ்வளவு போகிறது என்பது வேறு. மயிரிழை போன்ற கம்பியை உள்ளே செலுத்தி, அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து விகிதம் பார்க்கும் முறை உண்டு. விகிதம் 0.80-க்கு மேல் இருந்தால் அந்த இடத்தில் ஸ்டென்ட் பெரும்பாலும் தேவைப்படாது. 2009-இல் வெளியான ஃபேம் ஆய்வு 1,005 நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. படத்தை மட்டும் நம்பி ஸ்டென்ட் வைத்தவர்களைவிட, அழுத்தத்தை அளந்து வைத்தவர்களுக்குக் குறைவான ஸ்டென்டுகளே வைக்கப்பட்டன, பின்விளைவுகளும் குறைவு. மாரடைப்பு என்ற அவசரத்துக்கு இந்த நிதானம் பொருந்தாது. திடீர் அடைப்பில் நிமிடம்தான் கணக்கு.

அந்த நிமிடக் கணக்கில் தமிழ்நாடு பெருமைப்படத்தக்க வேலை செய்திருக்கிறது. சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு 108 ஆம்புலன்ஸ் வழியாக இணைத்து மாரடைப்பு நோயாளிகளைக் காப்பாற்றும் திட்டத்தை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முல்லாசாரி குழுவினர் சோதித்தார்கள். அதன் முடிவு 2017-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்தபின், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு மேலே அனுப்புகிறார்கள். முதல் சுற்றுக்கு அரசும் மருத்துவர்களும் இவ்வளவு செய்திருக்கும்போது, இரண்டாவது சுற்று கேட்பாரற்றுக் கிடப்பது உறுத்துகிறது.

நுரையீரல் தமனிக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. உடம்பின் மற்ற தமனிகள் பிராணவாயு குறைந்தால் விரியும். நுரையீரல் தமனி சுருங்கும். சுவீடனில் ஆய்லரும் லில்யஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் கண்டு 1946-இல் எழுதினார்கள். நுரையீரலின் ஒரு மூலையில் மட்டும் சளி அடைத்திருந்தால் இந்தச் சுருக்கம் நல்லது. காற்று வராத பக்கம் ரத்தத்தை அனுப்பாமல் காற்று வரும் பக்கம் திருப்பிவிடும். ஆனால் தூசியாலும் புகையாலும் நுரையீரல் முழுவதும் கெட்டுப்போனால், எல்லாத் தமனிகளும் ஒரே நேரத்தில் சுருங்கும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்தால் சுருக்கம் நிரந்தரத் தடிப்பாகிவிடும். மெல்லிய வலது கீழறை முதலில் தடித்து ஈடுகொடுக்கும். பிறகு தளர்ந்து விரியும். அப்போதுதான் கால் வீங்கும், கழுத்துச் சிரை புடைக்கும், கல்லீரல் கனத்து வலது விலாவுக்குக் கீழே வலிக்கும். பலரும் அந்த நிலையில்தான் மருத்துவரைப் பார்க்கிறார்கள்.

ஏன் இவ்வளவு தாமதம்? நுரையீரலின் ரத்தக் குழாய் வலைக்கு அபாரமான உபரி உண்டு. ஓய்வில் இருக்கும்போது மூடிக் கிடக்கும் நுண்குழாய்கள் வேலை செய்யும்போது திறந்துகொள்ளும்; ஓட்டம் மூன்று நான்கு மடங்கு கூடினாலும் அழுத்தம் அவ்வளவாக ஏறாது. அந்த வலையில் பாதிக்கு மேல் அழிந்த பிறகே உட்கார்ந்திருக்கும்போதும் அழுத்தம் உயர்ந்து காணப்படும். அதுவரை ஏணியிலும் படியிலும் மட்டும்தான் அது தலைகாட்டும். கேன்டீன் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்கும் எந்தப் பரிசோதனையும் அதைப் பிடிக்காது.

வலையை அழிப்பது எது என்று பார்க்க உருக்காலைக்குள் போக வேண்டும். கும்மிடிப்பூண்டியின் பல ஆலைகளில் பழைய இரும்பை உருக்குவது இண்டக்‌ஷன் உலை. செம்புச் சுருளுக்கு உள்ளே உருகிய இரும்பைத் தாங்கும் சுவர், குவார்ட்ஸ் பொடியால் ஆனது. தொழிலாளர் பேச்சில் அதற்கு ‘ரேமிங் மாஸ்’ என்றும் ‘லைனிங்’ என்றும் பெயர். அதில் பெரும்பங்கு சிலிக்கா. சில உருக்குகளுக்குப் பிறகு அந்தச் சுவர் தேய்ந்துவிடும். உலையை ஆறவைத்து, பழைய லைனிங்கைப் பிரேக்கர் வைத்து உடைத்து அள்ளுவார்கள். பிறகு மூட்டை மூட்டையாகப் புதுப் பொடியைக் கொட்டிக் கம்பியால் குத்தி இறுக்குவார்கள். குறுகிய குழிக்குள், மேல்காற்று இல்லாத இடத்தில் நடக்கிற வேலை. வெளியே வரும்போது புருவமும் காதுமடலும் வெளுத்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் அந்த வெண்மைத் தூசி பெரும்பாலும் மூக்கிலேயே நின்றுவிடும். உள்ளே போவது கண்ணுக்குத் தெரியாத, 5 மைக்ரானுக்கும் குறைந்த துகள். மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு அதைத் தடுக்காது.

நுரையீரலுக்குள் போன சிலிக்காவை உடம்பால் செரிக்க முடியாது. அதை விழுங்கும் செல்கள் செத்து, சுற்றிலும் வடுத்திசு முடிச்சு முடிச்சாக வளரும். வடு இறுகும்போது நடுவே ஓடும் நுண்தமனிகளையும் நெரிக்கும். சிலிக்கோசிஸ் என்ற இந்த நோய் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாவது அட்டவணையில், மருத்துவர் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் வரிசையில் இருக்கிறது. சிலிக்கோசிஸின் கடைசிக் கட்டமான வலது இதயச் செயலிழப்போ சாவுச் சான்றிதழில் ‘இதய நோய்’ என்று மட்டும் பதிவாகிவிட்டால், தூசியின் கணக்கில் அது ஏறவே ஏறாது.

உலை வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வியர்த்துக் கொட்டி, போதிய நீர் குடிக்காமல் வேலை செய்யும்போது ரத்தம் கெட்டிப்படுகிறது. கெட்டியான ரத்தத்தைத் தள்ள இதயத்தின் இரு பக்கமும் கூடுதலாக உழைக்க வேண்டும். ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடுகிறது. போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளங்களிலும் உருக்காலையிலும் வெப்பம் சிறுநீரகத்தைப் பாதிப்பதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதேபோன்ற ஆய்வு நுரையீரல் தமனியைப் பற்றியும் இந்த மாவட்டத்தில் நடக்க வேண்டும்.

இந்தியாவில் வலது இதயம் கெடும் இந்நோயை முதலில் எண்ணிப் பார்த்தவர்களில் முதன்மையானவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண். எஸ்.ஐ.பத்மாவதி, 1917-இல் பர்மாவில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்தோடு தப்பிக் கோயம்புத்தூர் வந்தார். பின்னர் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில், இதயத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தம் அளக்கும் ஆய்வகத்தை 1950-களில் உருவாக்கினார். 1929-இல் ஜெர்மனியின் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கைச் சிரை வழியே தானே குழாயை இதயம்வரை செலுத்திக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்து போனதில் தொடங்கிய முறை அது. 1956-இல் அதற்காக ஃபோர்ஸ்மனும் கூர்னாண்டும் ரிச்சர்ட்ஸும் நோபல் பெற்றார்கள். பத்மாவதியும் எஸ்.என்.பாதக்கும் டெல்லியில் 127 நோயாளிகளை ஆராய்ந்து 1959-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நுரையீரல் நோயால் வலது இதயம் கெட்டவர்கள் அவர்கள். மேலை நாடுகளில் இது புகைபிடிக்கும் ஆண்களின் நோயாக அறியப்பட்டிருந்தது. டெல்லியில் ஆண்களுக்கு இணையாகப் பெண்களும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள். விறகும் சாண வறட்டியும் எரியும் அடுப்படியை நோக்கி அந்தக் கட்டுரை கைநீட்டியது. பத்மாவதி 103 வயதுவரை வாழ்ந்து 2020 ஆகஸ்டில் கொரோனாவால் இறந்தார்.

அவர் காட்டிய வழியில் இந்த மாவட்டத்தைப் பார்த்தால், பகலெல்லாம் சூளைத் தூசியில் செங்கல் சுமந்துவிட்டு, மாலையில் தகரக் கொட்டகைக்குள் விறகடுப்பு மூட்டும் ஒடிசாப் பெண்கள் கண்ணில் படுவார்கள். அவர்களுக்கு ஆண்டுப் பரிசோதனையே கிடையாது.

திருவள்ளூருக்கு மருத்துவ வரலாற்றில் வேறொரு இடமும் உண்டு. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில்தான் உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. லட்சக்கணக்கானோர் அதில் சேர்ந்தார்கள். பின்னாளில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் இங்கேயே நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையைச் சோதித்தது. காசநோயை இவ்வளவு அக்கறையாக எண்ணிய மாவட்டத்தில், காசநோய் தீர்ந்தபின் என்ன ஆகிறது என்பது விடுபட்டுப்போயிற்று. கிருமி போய்விட்டாலும் வடு விழுந்த நுரையீரல் அப்படியே இருக்கும். அங்கும் தமனி வலை சிதைந்திருக்கும். ‘குணமாகிவிட்டது’ என்று அட்டையில் எழுதி அனுப்பப்பட்டவர் ஐந்தாறு ஆண்டு கழித்து மூச்சிரைப்போடு வந்தால், மறுபடி சளியைச் சோதித்து, கிருமி இல்லை என்று திருப்பி அனுப்புவதுதான் நடைமுறை. சிலிக்கா தூசியில் வேலை செய்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால், இரண்டு வடுவும் ஒரே நெஞ்சில் சேர்ந்துவிடுகின்றன.

நுரையீரல் தமனி அழுத்தம் முழுக்க முழுக்கத் தூசியால் வருவது என்றும் சொல்லிவிட முடியாது. 2018-இல் வெளியான கேரளப் பதிவேட்டில் 2,003 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூலக் காரணம் இதயத்தின் இடப்பக்கம்: பழைய மாரடைப்பு, கீல்வாதக் காய்ச்சலால் சுருங்கிய வால்வு. இடப்பக்கத்தில் தேங்கும் ரத்தம் பின்னோக்கி நுரையீரலை அழுத்தும். காலில் உறைந்த ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைப்பதும் உண்டு. காரணத்துக்கேற்ப சிகிச்சை தலைகீழாக மாறும். ஒருவகைக்கு உயிர்காக்கும் சில்டெனாஃபில், இடப்பக்க இதய நோயால் வந்த அழுத்தத்துக்கு உதவாது, தீங்கும் செய்யலாம். நுரையீரல் நோயால் ரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்தவருக்கு நாளொன்றுக்கு 15 மணி நேரமாவது பிராணவாயு தருவது ஆயுளை நீட்டும் என்று 1981-லேயே பிரிட்டன் ஆய்வு காட்டிவிட்டது. எனவே எந்த வகை என்று பார்ப்பது தவிர்க்க முடியாத வேலை.

அதைப் பார்ப்பது எட்டாக்கனி ஒன்றும் இல்லை. எக்கோ கருவி போதும். வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மூவிதழ் வால்வில் பெரும்பாலோருக்குச் சிறு கசிவு இருக்கும். மருத்துவர் விலா இடுக்கில் கருவியை வைத்து அந்தக் கசிவின் வேகத்தை அளப்பார். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, அதை நான்கால் பெருக்கினால் அழுத்த வேறுபாடு வந்துவிடும். வினாடிக்கு 3 மீட்டர் என்றால் ஒன்பதை நான்கால் பெருக்கி 36. மேலறையின் அழுத்தத்தையும் கூட்டிக்கொண்டால் வலது கீழறை சுருங்கும்போது ஏறும் உச்ச அழுத்தம் கிடைக்கும். இயல்பில் அது 25-ஐ ஒட்டி இருக்க வேண்டும். திரையில் ஒரு வளைவு. அதன் உச்சியில் ஒரு புள்ளி. பக்கத்தில் ஒரு எண். சில நிமிட வேலை. உறுதிசெய்ய வேண்டியவர்களுக்கு மட்டும் குழாய் செலுத்தி அளந்தால் போதும்.

எல்லாருக்கும் எக்கோ எடுக்கத் தேவையில்லை. யாருக்கு எடுப்பது என்று சல்லடையில் சலிக்க மூன்று எளிய வழிகள் இருக்கின்றன. படி ஏறும்போது நிற்கிறீர்களா, போன ஆண்டைவிட மூச்சு வாங்குகிறதா என்ற கேள்வி. குழாயில் ஊதி நுரையீரலின் கொள்ளளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி. முப்பது மீட்டர் நீளமுள்ள சமதளத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் எண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. கொரோனா காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்த கருவிதான் அது. ஆலைக்குள் முப்பது மீட்டர் நீளத் தரைக்குப் பஞ்சமில்லை. இந்தச் சல்லடையில் நின்றவருக்கு மட்டும் எக்கோ.

கும்மிடிப்பூண்டியில் உடம்புக்கு முடியாதவர் ரயிலேறிச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போவார். மாவட்டத் தலைநகரான திருவள்ளூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாலும், அங்கே போக நேர் ரயில் இல்லை. பேருந்தில் சுற்றி, ஒரு நாள் கூலியையும் இழக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள், எக்கோ பார்க்கத் தெரிந்த மருத்துவரும் கருவியும் வந்து போனால் நிலைமை மாறிவிடும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையைக் கொண்டுபோனது. 2024-இல் அது ஆலைகளுக்குள்ளும் வந்தது. அங்கே போகும் ஊழியரின் பையில் ஆக்சிமீட்டரும், மூச்சு பற்றிய இரண்டு கேள்விகளும் சேர்ந்தால் கூடுதல் செலவு பெரிதாக இராது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை என்று சொல்கிறது. நல்ல வாய்ப்பு. ஆனால் லைனிங் உடைக்க வருபவர்களில் பலர் 25 வயதுக்காரர்கள். நாற்பதுவரை காத்திருந்தால் அவர்களுடைய தமனி வலை காத்திருக்காது. சிலிக்கா தூசி படும் வேலைக்கு முதல் நாளே ஒரு பரிசோதனை, பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று வயது பார்க்காமல் வைக்க வேண்டும். பரிசோதனையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வகுக்கும்போது மூச்சு ஊதலும் ஆறு நிமிட நடையும் அதில் இருக்க வேண்டும். தூசியைப் பிறக்கும் இடத்திலேயே பிடிப்பது இன்னும் முக்கியம்: உடைக்கும்போது உறிஞ்சி இழுக்கும் காற்றுக்குழாய், முகத்துக்குப் பொருந்தும் என்-95 முகமூடி, முடிந்த இடத்தில் ஆளுக்குப் பதில் லைனிங்கைத் தள்ளி வெளியேற்றும் இயந்திரம். இவை எல்லாம் சந்தையில் கிடைப்பவை. ஆலைகளைச் சோதிக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இவற்றை வலியுறுத்த வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளரின் கதிதான் மிகவும் கவலைக்குரியது. பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் இளைஞர் ஒரு ஆலையில் ஆறு மாதம், அடுத்ததில் ஓராண்டு என்று மாறிக்கொண்டே இருக்கிறார். ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய எக்ஸ்ரேயும் அங்கேயே நின்றுவிடுகிறது. மூச்சு முட்டத் தொடங்கியதும் ஊருக்கு ரயிலேறிவிடுகிறார். அவருடைய நோய் பிகாரின் ககாரியாவிலோ ஒடிசாவின் கஞ்சாமிலோ பெயரில்லாமல் முடிகிறது. கும்மிடிப்பூண்டிக் கணக்கில் ‘வேலையை விட்டு நின்றார்’ என்று இருக்கும். ஒவ்வொரு பரிசோதனையின் நகலும், எந்தத் தூசியில் எத்தனை மாதம் வேலை பார்த்தார் என்ற குறிப்போடு, இந்தியிலோ ஒடியாவிலோ தமிழிலோ அவர் கைக்கே போக வேண்டும். அவர் வேலையை விட்டுப் போகும் நாளிலும் ஒரு பரிசோதனை இருக்க வேண்டும். சிலிக்கா நோய் தூசியை விட்டு விலகிய பிறகும் வளரும் நோய் என்பதால், ஐந்து ஆண்டு கழித்துத் தன் ஊர் மருத்துவர் முன்னால் உட்காரும்போது அவர் காட்டுவதற்கு அந்தத் தாள் ஒன்றாவது இருக்கும்; இ.எஸ்.ஐ.யிடமோ நீதிமன்றத்திடமோ இழப்பீடு கேட்கவும் அதுவே சான்று.